அமுதவல்லியின் கல்யாண டிவிடி

காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கும் அந்தோணி பிரகாஷ் பயந்த சுபாவம். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனவர், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவார். கல்யாண வீடியோ எடுத்த காலத்தில், கொடுத்த டிஸ்க்கைத் தொலைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் ஓர் இமேஜ் ஃபைல், அதாவது டிஸ்க்கின் அச்சு அசல் நகல், எடுத்து வைத்தார். ஊரே செல்போனில் படம் பிடிக்கிற இந்தக் காலத்திலும் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. மனைவி கேத்தரின் கேலி செய்து அலுத்துவிட்டாள்.

போன சனிக்கிழமை அமுதவல்லி வந்து நின்றபோதுதான் அந்தப் பயத்துக்கு ஒரு பிரயோஜனம் வந்தது. கோயிலில் நடந்த அவள் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் இவர்தான். இப்போது புருஷன் நவநீதன் வேறொருத்தியோடு குடித்தனம். ஜீவனாம்சம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால், இவளுக்கு நான் தாலியே கட்டவில்லை என்கிறான். கல்யாண ஆல்பத்தையும் எடுத்துப்போய்விட்டான். அவன் அக்கா பாஞ்சாலி, அப்படி ஒரு கல்யாணத்தை நான் பார்க்கவேயில்லை என்று கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டாள். அமுதவல்லியிடம் இருந்த டிஸ்க் பூஞ்சை பிடித்து ஓடவில்லை. திங்கட்கிழமை வாய்தா. தாலி கட்டுகிற காட்சி வேண்டும், அதுவும் டிவிடியாக வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

ஃபைல் கிடைத்தது. ஆனால் அது பழைய விசிடி இமேஜ். அந்தோணி பிரகாஷ் அதை டிவிடியில் எழுதத் தோதான ஐஎஸ்ஓ ஃபைலாக மாற்றி ஒரு டிவிடியில் ரைட் செய்தார். பிளேயரில் போட்டால் ஃபோல்டர் பெயர்கள் வந்தன, படம் வரவில்லை. விசிடியை அப்படி நேராக மாற்றினால் வெறும் கூடுதான் வரும் என்பது பதற்றத்தில் மறந்துபோயிருந்தது. இமேஜுக்குள்ளிருந்து படத்தைத் தனியே உருவி, டிவிடிக்கு ஏற்றபடி மாற்றி, அப்புறம்தான் புது இமேஜ் செய்ய வேண்டும்.

பழைய ஹார்ட் டிஸ்க் கடகடத்தது. கரண்ட் போய்விட்டால்? இதுவே நின்றுபோனால்? திரையில் நீலப் பட்டை நகராமல் நின்ற நேரத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். வருதுங்களாண்ணா என்று கேட்டுக்கொண்டிருந்த அமுதவல்லி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

படம் வந்தது. நாதஸ்வரமும் வந்தது. அப்போதுதான் அவருக்கு இன்னொரு பயம் வந்தது. அந்தக் காலத்தில் படத்தோடு ஜாலங்கள் சேர்க்கும் மிக்சிங்கில் கைவரிசை காட்டுகிற இடமே தாலி கட்டும் நேரம்தான். நினைத்தபடியே, நவநீதன் தாலியைக் கையில் எடுத்ததும் திரை இதய வடிவமாகி, அதற்குள் ரோஜாப் பூமழை கொட்ட ஆரம்பித்தது. மாப்பிள்ளை முகமும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. அன்று இதே பூமழைக்காக நவநீதன் வீட்டார் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். நாசமாய்ப் போன பூ, எப்போது ஓயும் என்று இருந்தது.

ஓய்ந்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டு முடித்திருந்தான். மீதி முடிச்சுகளை, நாத்தனார் முறைக்கு, அமுதவல்லியின் பின்னால் குனிந்து பாஞ்சாலி போட்டுக்கொண்டிருந்தாள். முகம் பளிச்சென்று தெரிந்தது. முடிச்சை இறுக்கி, கயிற்றில் சிக்கிய முடியை மெல்ல விடுவித்து, தம்பி மனைவியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

அந்தோணி பிரகாஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இது போதும்மா. பார்க்கவேயில்லைன்னு இனிமே அவங்க சொல்ல முடியாது," என்றார்.

அமுதவல்லி சந்தோஷப்படவில்லை. அந்த இடத்தை இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள். நவநீதன் பக்கம் அவள் கண் போகவேயில்லை.

"அண்ணி எவ்ளோ ஆசையா முடிச்சு போடுது பாருங்கண்ணா," என்றாள். "அவரு இல்லன்னு சொன்னப்பகூட எனக்கு அழுவ வரலைங்க."

அவர் டிவிடியை ரைட் செய்தார். பயத்தில் இன்னொன்றும் போட்டு, இரண்டையும் உறையிலிட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"இத கோர்ட்ல அண்ணியவும் நிக்க வெச்சுத்தான் போட்டுக் காட்டுவாங்களாண்ணா?"

அப்படித்தான் இருக்கும் என்றார். அமுதவல்லி அதற்குப் பிறகுதான் அழுதாள்.