டிவியில் உடைந்த ஏரி

சில வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் கொட்டிச் சற்றே ஓய்ந்திருந்த சமயம். பூந்தமல்லியில், மாங்காடு போகிற ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். கீழ்த்தளத்தில் இரண்டு போர்ஷன். ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் தையல் வேலை செய்யும் ஒரு அக்காவும் அவருடைய ஒரே மகளும். முன்பு வந்த பெருவெள்ளத்தின்போது, கடையில் இருந்த தையல் மெஷின்களை மேலே ஏற்றி வைக்கப் போன அக்காவின் கணவர் உயிரோடு திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் உள்ளூர் கேபிள் சேனலைப் போட்டேன். ஏரிக்கரை உடைந்துவிட்டது, தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று படபடப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார் செய்தி வாசிப்பவர். தினமும் கரன்ட் கட்டையும் கோயில் திருவிழாவையும் சொல்கிற அதே மனிதர். நம்பாமல் என்ன செய்வது? வெள்ளம் என்றால் எங்கள் தெருவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பைக்குகளும் கார்களும் மேடான பைபாஸ் பாலத்தை நோக்கிப் பறந்தன. ஃபிரிட்ஜைக் கட்டில் மேல் ஏற்றினோம். என் வீட்டுக்காரர் முதல் வேலையாக டிவி வயரைப் பிடுங்கி, டிவியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

அக்கா மட்டும் மாடிக்கு வரவில்லை. மகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து பஸ்ஸில் வரும் நேரம். போன் போகவே இல்லை.

"எம்பொண்ணு நடுவழில கீறா, உடும்மா. நான் போய் இட்டுகினு வரேன்" என்று திமிறினார். கையைப் பிடித்து இழுத்தேன். "இதோ வந்துடறேன்னுதான் அவரும் போனாரு" என்று அவர் கதறியபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஆனாலும் கையை விடவில்லை.

அப்போது தெருமுனையில் அவர் மகள் வந்தாள். செருப்புகூட நனையவில்லை.

"இன்னாம்மா, தெருவே மாடில நின்னுகினு கீது?"

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வந்து விஷயத்தைச் சொன்னார். கரை உடைந்தால் என்ன ஆகும் என்று சேனல்காரர்கள் எடுத்த நாடகமாம் அது. கடைசியில் 'இது கற்பனை' என்று போட்டார்களாம். நாங்கள்தான் அதற்குள் டிவியைப் பிடுங்கிவிட்டோமே! தெருவே கொதித்தது. சேனல் ஆபீஸுக்கே போய்ச் சண்டை போடலாம் என்று ஆண்கள் கிளம்பினார்கள். நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மகளின் தோளில் சாய்ந்திருந்த அக்கா நிமிர்ந்தார்.

"திட்டாதீங்கப்பா. அன்னிக்கு ஒருத்தன் பொய்யாவாச்சும் இப்டி சொல்லியிருந்தா, எங்கூட்டுக்காரரு கடைக்குப் போயிருக்க மாட்டாரு."

கிளம்பியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

இப்போது ஆவடிப் பக்கம் வந்துவிட்டோம். வராத மழைக்கு எதற்கு இத்தனை எச்சரிக்கை என்று அக்கம்பக்கத்தில் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம், ஒரு பொய்கூடக் கிடைக்காமல் போன அந்த மனிதரை நினைத்து என் மனசு கனத்துப்போகிறது.