இருபது பச்சைக் கட்டங்கள்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினித் திரையில் இருபது பச்சைக் கட்டங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதை ஒரு வேலை என்று நம்பியவன் நான். அதுவும் வாரத்தில் கிடைக்கிற ஒரே விடுமுறையான வெள்ளிக்கிழமையில்.

பர் துபாயில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே இணைய லைன். அலுவலகத்தில் டைப் அடிக்கிறவன் என்ற ஒரே தகுதியில் அறையின் கம்ப்யூட்டர் நிபுணர் பதவி எனக்கு வந்து சேர்ந்தது.

யூஸ்நெட்டை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் கூட வேலை பார்த்த ஒரு மலையாளி. ஒரு சினிமாவைச் சில ஆயிரம் துண்டுகளாக நறுக்கி எங்கோ ஒரு சர்வரில் போட்டு வைத்திருப்பார்கள். நம் டவுன்லோடர் அந்தத் துண்டுகளை இழுத்து வந்து ஒட்டிக் கொடுக்கும். சர்வரோடு ஒரே நேரத்தில் இருபது இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளலாம். நாலு போதும் என்றார் அவர். பந்தியில் உட்கார்ந்துவிட்டு இலையில் பாதியை மூடி வைக்கிறவனா நான்? இருபதையும் திறந்தேன். ஒவ்வோர் இணைப்புக்கும் திரையில் ஒரு கட்டம். துண்டு வந்தால் பச்சை, அறுந்தால் சிவப்பு. ஒன்று சிவந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. இறக்கிய படங்களில் பாதியை இன்றுவரை திறந்துகூடப் பார்க்கவில்லை.

அறையில் அறந்தாங்கிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். ஏசி குழாய் மாட்டுகிற வேலை. மகள் பிறக்கும் முன்பே விமானம் ஏறியவர். லீவு கேட்ட இரண்டு முறையும் கம்பெனி தள்ளிப்போட்டுவிட்டது. மகளுக்கு இரண்டரை வயது. வெள்ளிக்கிழமை மதியம் அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி டவுன் பிரவுசிங் சென்டருக்கு வருவார். இங்கே அண்ணன் குளித்து, பவுடர் பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு தன் பழைய லேப்டாப் கேமரா முன்னால் உட்காருவார். கீழே லுங்கிதான்.

“ஏர்போர்ட்ல என்னையப் பாத்து யாருன்னு கேட்றக் கூடாதுல்ல தம்பி” என்பார். மகளுக்குத் தன் முகம் பழக வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஐந்து நிமிடத்தில் படம் உறைந்துவிடும். வாயைத் திறந்தபடி நின்றுபோன அப்பாவைப் பார்த்து அங்கே குழந்தை வீறிடும்.

“தம்பி, திரும்பவும் நின்னுபோச்சுய்யா. என்னன்னு பாரேன்.”

நிபுணர் எழுந்து போவார். மோடத்தை அணைத்தால் என் இருபதும் அறுந்துவிடும் என்பதால் அதைத் தொடமாட்டேன். வயரை மட்டும் லேசாக ஆட்டுவேன்.

“இந்த ஊர்ல நெட்ல பேசுறதையெல்லாம் கவர்மென்ட்டே பிளாக் பண்ணிரும்ணே. நம்ம கையில இல்ல.”

“புள்ள பயந்து அழுவுதுப்பா.”

“நேர்ல பாத்தாலும் அழத்தாண்ணே செய்யும். தெனமும் பாக்குற நாங்க அழலையா?”

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்த நகைச்சுவைக்காக அன்று முழுக்க எனக்குப் பெருமை வேறு.

சில மாதங்கள் இப்படியே போயின. ஒரு வெள்ளிக்கிழமை சர்வர் பக்கம் ஏதோ கோளாறு. இருபதும் சிவப்பு. சர்வர்காரனின் பரம்பரையைத் திட்டியபடி திரும்பத் திரும்ப இணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அண்ணன் ஹெட்போனில் பேசிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் ஆகியும் லைனைப் பார் என்று கூப்பிடவில்லை. திரும்பினேன். அவர் திரையில் மனைவி தலையாட்டுவதும் முந்தானையால் முகம் துடைப்பதும் தடங்கலே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து சர்வர் உயிர்பெற்றது. என் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. பாதி தேறியதும் அந்தம்மா முந்தானையோடு அப்படியே உறைந்தார். டவுன்லோடரை நிறுத்தினேன்; அசைந்தார். மறுபடி ஓடவிட்டேன், நின்றார். பிளாக் பண்ணிய அரசாங்கம் பனியன் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

நிறுத்திவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“அண்ணே, பிளாக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் படம் எறக்குறதுதான் லைன மொத்தமா முழுங்கியிருக்கு. இனிமே வெள்ளிக்கெழம தொடமாட்டேன். அடுத்த வாரம் பாருங்க, பாப்பா ஒங்கள ஜம்முனு பாக்கும்.”

கன்னத்தில் ஓர் அறை விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவர் சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினார்.

“பாப்பா இனிமே வரமாட்டேன்னுருச்சுப்பா.”