பாதியில் நிற்கும் கை

என் பீரோவின் மேல் ஒரு தாய் பொம்மை நிற்கிறது. அதன் காலடியில் மகன் பொம்மை கண் திறந்தபடி செத்துக் கிடக்கிறது. அந்தக் கண்களை மூடப் போன தாயின் வலது கை பாதி வழியில் நிற்கிறது. அவளுக்குச் சேலை தைத்தவள் நான். அந்தக் கையை அதுவரை கொண்டுவந்தவர் என் அண்ணி.

அண்ணனும் அண்ணியும் பொம்மைகளை வைத்துப் படம் எடுத்தவர்கள். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை நடக்கும். தொப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் பழைய பட்டுப்புழு ஷெட்தான் அவர்களுடைய ஸ்டுடியோ. லாரி போனால் மேசை அதிரும், எடுத்தது வீணாகும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். பிடித்த கதையையோ பாட்டையோ எடுத்துக்கொண்டு வசனமே இல்லாமல் படமாக்குவார்கள். "கழுத வயசுல பொம்ம வெச்சி வெளையாடறாங்க" என்று ஊர் சிரித்தது. உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். ஆனால் அண்ணியின் கை பட்டால் பொம்மை மூச்சு விடும். அண்ணனுக்குக் கேமரா மட்டும்தான். அவர் நகர்த்தினால் பொம்மை போலீஸ்காரர் மாதிரி நடக்கிறது என்று அண்ணி கேலி செய்வார்.

கடைசிப் படம் ஓர் ஒப்பாரியிலிருந்து பிறந்தது. மொரப்பூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் பாட, அதை முதலில் பதிவு செய்துகொண்டு, பாட்டின் இழுவைக்கு ஏற்ப பொம்மையை அசைத்தார்கள். கடைசிக் காட்சியின் நடுவில் பல்ப் போய்விட்டது. வேறு பல்ப் போட்டால் வெளிச்சம் மாறிவிடும். அதே பல்ப் வாங்க அண்ணி ஸ்கூட்டியில் சேலம் கிளம்பினார். "மேசகிட்ட யாரும் போவாதீங்க. நானே வந்து கைய எறக்கறேன்" என்றார். தினமும் சொல்வதுதான். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று பின்னால் வந்தது. ஒரு பல்புக்காக ஓர் உயிர்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, "நாமளே முடிச்சிரலாம்ண்ணா" என்றேன்.

"அவ வந்து எறக்கறேன்னு சொல்லிட்டுப் போனா" என்றார்.

படத்தை அப்படியே திரையிட்டார். கை பாதியில் நின்றது, ஒப்பாரி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. படம் மாட்டிக்கொண்டது என்று நினைத்து யாரோ விசிலடித்தார்கள். பாட்டு முடியும்வரை அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கேமராவைத் தொடவே இல்லை.

போன மாசி மாதம் அண்ணனும் போய்விட்டார். கண்கள் திறந்தே இருந்தன. பக்கத்தில் நான்தான் இருந்தேன், நான்தான் மூடினேன். அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

பொம்மைகளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, இனி யாரைக் கேட்க வேண்டும் என்று தாயின் கையைப் பிடித்து மெல்ல அழுத்தினேன். உள்ளே கம்பி துருவேறி இறுகியிருந்தது. இன்னும் அழுத்தினால் ஒடிந்துவிடும். விட்டுவிட்டேன்.