குறுக்களவு கேட்ட கயல்

இன்று கணக்கு வகுப்பில் டீச்சர் கோணல்மாணலான ஒரு வயலைப் பலகையில் வரைந்து, நான்கு பக்கங்களுக்கும் அளவு எழுதிப் பரப்பு கேட்டார்.

எதிரெதிர்ப் பக்கங்களுக்குச் சராசரி எடுத்துப் பெருக்கி, வழக்கம்போல நானே முதலில் கை தூக்கினேன். மாவட்டக் கணக்குப் போட்டிக்கு எங்கள் வகுப்பிலிருந்து ஒருவருக்குத்தான் இடம்.

கடைசி பெஞ்சிலிருந்து கயல் எழுந்தாள். "குறுக்களவு இல்லாம எப்படி டீச்சர் போடுறது?"

"நாலு பக்கமும்தான் இருக்கேடி" என்றேன்.

"பத்தாது. பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டிட்டாருன்னு எங்கப்பா சர்வேயரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவர் மூலைக்கு மூலை சங்கிலி பிடிச்சுத்தான் அளந்தாரு. ஒரு முனையை நான்தான் பிடிச்சேன்."

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. "இதை யாராவது கேப்பீங்களான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். வாடா கண்ணு, குறுக்களவு தர்றேன், நீயே வந்து போடு."

இரண்டு வருஷமாக முதல் மார்க் வாங்குகிறேன். என்னை ஒருநாளும் 'கண்ணு' என்றதில்லை.

போட்டிக்கும் கயல்தான் போகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். "நம்ம வயல்ல வரப்புத் தகராறே கிடையாதாப்பா?"

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கோம்?" என்றார்.

எங்களோடு வரப்புச் சண்டைக்கு வர யாருக்காவது விருப்பமிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அடுத்த வருஷப் போட்டிக்குள் வந்தால் நல்லது.