நாலாம் நாளில் போட்ட கோடு

எழுபதுகளின் தொடக்கத்தில், உரும்பிராயில் எங்கள் வீட்டுக் கலண்டரில் இரண்டு நிறக் கோடுகள் இருந்தன. ஒரு முனை நீலமும் மறுமுனை சிவப்புமான பென்சில் ஒன்று நூலில் கட்டி அதன் பக்கத்திலேயே தொங்கியது. நீலம் என் கணவரின் கணக்கு. வெங்காயத்துக்கு இறைக்கும் கிணறு அவருக்கும் அண்ணன்மாருக்கும் பொது. தன்னுடைய இறைப்பு முறை வரும் நாட்களை நீலத்தில் குறித்துவைப்பார். சிவப்பு என் கணக்கு. அது என்ன என்று என் கணவரின் தாயான மாமி கேட்டபோது, பசளை போடுகிற நாள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். மாதத்தில் இத்தனை நாள் பசளை போட்டால் பயிர் கருகாதா என்று மாமி கவலைப்பட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

சிரிப்பைவிடப் பயம்தான் பெரிது. மூத்தவள் பிறந்தபோது இரத்தப்போக்கு நிற்காமல், பிழைத்ததே பெரிய காரியம் என்ற நிலையில் வீடு வந்தவள் நான். இரண்டு வருடத்துக்கு இன்னொரு பிள்ளை வேண்டாம், உடம்பு தாங்காது என்று டாக்குத்தர் சொன்னார். என்னிடம் அல்ல, என் கணவரிடம். அவர் அதை இரண்டு கிழமை கழித்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார். என் உடம்பைப் பற்றிய செய்தி என்னிடம் வந்துசேர இவ்வளவு நாளா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்றால் எப்படி வேண்டாமென்று இருப்பது? அதை எங்கள் இருவருக்கும் எவரும் சொல்லவில்லை. கடையில் போய் ஆணுறை கேட்க அவருக்கு வெட்கம். கருத்தடைக் குளிசை என்றால் எனக்குப் பயம். அதை விழுங்கினால் பிறகு பிள்ளையே தங்காது என்று ஊரில் ஒரு கதை இருந்தது.

கடைசியில், வீடு வீடாகச் சைக்கிளில் வரும் மருத்துவிச்சியிடம் கிணற்றடியில் வைத்துக் கேட்டேன். அவர் கூச்சமில்லாமல் விளக்கினார். மாதவிலக்கு வந்த முதல் நாளை ஒன்று என்று வைத்து எண்ண வேண்டும். பத்தாம் நாளிலிருந்து இருபதாம் நாள் வரை புருஷனும் பெண்சாதியும் விலகிப் படுக்க வேண்டும். இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், குளிசையைப் பற்றியும் யோசிக்கச் சொன்னார். நான் முன்பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பின்பாதியைக் காற்றில் விட்டேன்.

சிவப்புக் கோடு பத்தைத் தொட்டால் என் கணவர் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விடுவார். எங்களுக்குள் சண்டை என்று நினைத்து மாமி இருவருக்கும் தனித்தனியாகப் புத்தி சொன்னார். நாங்களும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டோம். ஏழு மாதம் இப்படி ஓடியது.

எட்டாம் மாதம் நான் முழுகவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால், வயிற்றில் பிள்ளை என்று பொருள். மாமி சந்தோஷத்தில் பயறு அவித்து எல்லோருக்கும் கொடுத்தார். நான் குசினியில் அடுப்பு மூலையில் உட்கார்ந்து, மூத்தவளை யார் வளர்ப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். செத்துவிடுவேன் என்றே நம்பினேன்.

கணக்கு எங்கே பிழைத்தது என்று தலை வெடிக்க யோசித்தேன். ஒரு கோடும் தவறவில்லை. பிறகு கெட்ட எண்ணம் ஒன்று வந்தது. பென்சில் இருவருக்கும் பொது. ஆண் பிள்ளை வேண்டுமென்று அண்ணன்மார் இவரைக் கிண்டல் செய்தபடி இருந்தார்கள். இவரே ஒரு கோட்டைக் கூட்டிப் போட்டிருந்தால்? கேட்கத் துணிவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. குற்றம் செய்தவர் வேறெப்படி இருப்பார் என்று நினைத்தேன்.

மாமி கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலை மருத்துவிச்சி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கலண்டரைக் கொண்டுவரச் சொன்னார். என் கணவர் அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து, மண்வெட்டியோடு வாசலில் நின்றார்.

"பிள்ளை, எந்த நாளை ஒண்டெண்டு வைச்சனீர்?"

"முழுகின நாளை, அக்கா."

"வந்த நாளையெல்லோ வைக்கச் சொன்னனான்."

"துடக்கோடை எப்பிடிக் கோடு போடுறது? கலண்டரிலை முருகன் படமெல்லோ இருக்கு."

மாதவிலக்கு வந்தால் மூன்று நாள் துடக்கு, அதாவது தீட்டு; வீட்டின் பின்புறச் சாய்ப்பான பின்பத்திக்குள்தான் இருப்பேன். சாமி படத்தைத் தொடுவது எங்கே, அது இருக்கிற அறைக்குள் காலே வைக்க முடியாது. நாலாம் நாள் தலைமுழுகி உள்ளே வந்து, முதல் கோட்டைப் போடுவேன். மருத்துவிச்சி சொன்னது என் காதில் சரியாகத்தான் விழுந்தது. ஆனால் ஒரு மாதம் முழுக்கிலிருந்து தொடங்குகிறது என்பது அதைவிட ஆழமாக எனக்குள் இருந்தது. என் ஒன்பதாம் நாள் உண்மையில் பன்னிரண்டாம் நாள்; விலகியிருக்க வேண்டிய முதல் மூன்று நாளும் நாங்கள் விலகாமல் இருந்திருக்கிறோம். மருத்துவிச்சி ஏசவில்லை. கலண்டரை மடியில் வைத்துக்கொண்டு என் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார்.

அவர் போன பிறகு என் கணவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார்.

"நீர் வேணுமெண்டு செய்தனீர் எண்டு நினைச்சன்," என்றார்.

"நானும் உங்களைத்தான் நினைச்சனான்."

இருவரும் குற்றவாளி இல்லை என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி வரவில்லை. கோபம் மட்டும் அப்படியே மிஞ்சியது. அதை யார்மேல் போடுவது? முருகன்மேலா, மாமிமேலா, என்மேலா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இரண்டாவதும் பெண். இந்த முறையும் இரத்தம் போனது; இரண்டு போத்தல் ஏற்றி என்னைத் திருப்பி எடுத்தார்கள். துடக்குக் கழிக்க முப்பத்தோராம் நாளை மாமி விரல் மடக்கி எண்ணினார். பிறந்த நாளையே ஒன்று என்றார். மாமா செத்தபோதும் செத்த நாளையே ஒன்று என்று எண்ணியவர் அவர். பிறப்புக்கும் இறப்புக்கும் நடந்த நாளிலிருந்தே கணக்கு. எனக்கு மட்டும் கழுவித் துடைத்த பிறகுதான் எண்ணத் தொடங்குகிறார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதைக் கண்டுபிடித்தபோது அழுதேன்.

பிறகு நான் குளிசைக்குச் சம்மதித்தேன். அதை ஐந்தாம் நாள் தொடங்க வேண்டுமாம். எந்த நாளிலிருந்து ஐந்தாம் நாள் என்று மருத்துவிச்சியை மூன்று தரம் கேட்டேன். என் கணவர் முருகன் படத்தைக் கவனமாக வெட்டியெடுத்துச் சாமியறையில் ஒட்டிவிட்டு, திகதித்தாள்களை மட்டும் பென்சிலோடு பின்பத்தியில் ஆணி அடித்து மாட்டினார். மறுபடி மாதவிலக்கு வந்த அன்று, அங்கிருந்தபடியே ஒன்று என்று கோடு போட்டேன். கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த பிறகு, அந்த மூன்று நாளும் நான் அங்கே இருந்ததாக எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை.