எண்ணெய் பிளேட்டில் முளைத்தது

ஒரகடத்தில் கம்பெனிகள் ஆள் எடுக்கும் நாட்களில் எங்கள் லேபில் மூச்சு விட நேரமிருக்காது. வேலைக்குச் சேருகிறவர்கள் எல்லாரும் ரத்தம், யூரின் டெஸ்ட் முடித்துத்தான் கேட்டுக்குள் போக வேண்டும். நானும் முத்துச்செல்வியும் ஊசி குத்தியே ஓய்ந்துபோனோம்.

அவள் தென்காசிப் பக்கத்துப் பெண். காலையில் எங்களோடு லேப், மதியத்துக்கு மேல் தாம்பரத்தில் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. ஏன்டி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று திட்டினால் சிரிப்பாள். பென்னலூர் பக்கம் லாரி ஷெட் எண்ணெய் தேங்கிய ஒரு குட்டை இருக்கிறது. அந்த எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா அதே சேற்றில் இருக்கும் என்று நம்பினாள். அது கிடைத்தால்தான் புராஜெக்ட் முடியும், ஆராய்ச்சிக்குப் போக வழி பிறக்கும். காலேஜ் லேபில், கிருமி வளர்க்கும் பிளேட்டுகளில் எண்ணெயைத் தவிர வேறு தீனியே வைக்காமல் சேற்றுத் தண்ணீரைத் தடவிவிட்டுக் காத்திருந்தாள். மாதக்கணக்கில் ஒன்றும் முளைக்கவில்லை.

எங்கள் லேபில் ஒரு வழக்கம். நோயாளியின் சாம்பிளைத் தடவிய பிளேட்டில் சம்பந்தமில்லாத எதுவாவது முளைத்தால், வெளியிலிருந்து விழுந்த அழுக்கு என்போம். யோசிக்க மாட்டோம். கிருமியை நீராவியில் கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டு வேகவைத்துவிட்டு வேறு சாம்பிள் கேட்போம். கை தானாகச் செய்யும்.

அன்று தூக்கக் கலக்கத்தோடு காலேஜுக்குப் போனவள், ஒரு பிளேட்டின் ஓரத்தில் சுருங்கிய மஞ்சள் பொட்டு ஒன்றைப் பார்த்தாள். அழுக்கு என்று ஆட்டோகிளேவுக்குள் தள்ளி ஸ்விட்சைத் தட்டினாள். வீடு திரும்பும் பஸ் படப்பையை நெருங்கும்போதுதான் உறைத்தது. எண்ணெய் மட்டுமே இருந்த பிளேட்டில் முளைத்தது வேறு எதைத் தின்றிருக்கும்?

இறங்கி எதிர் பஸ் பிடித்து ஓடினாள். எல்லாம் வெந்து முடிந்திருந்தது.

"கொன்னுட்டேன் பிரவீனாக்கா" என்று மறுநாள் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் மேல் இல்லை, எங்களை இப்படி விரட்டுகிற பிழைப்பின் மேல்.

அந்த வாரமே வேலையை விட்டாள். ஓனர் ரகுபதி, "இன்னாம்மா, சம்பளம் வேணா ஏத்தித் தரேன், இருந்துக்கோ" என்றார்.

"வேண்டாம் சார். இந்தக் கைய வச்சுக்கிட்டு ரெண்டு எடத்துலயும் வேல பாக்க முடியாது" என்றாள்.

இப்போது அவள் வேலையும் என் தலையில். போன வாரம் போன் செய்தாள். மறுபடி சேறு எடுத்து வந்து தடவியிருக்கிறாளாம். ஏதாவது முளைத்ததா என்று கேட்டேன்.

"வெறும் பூஞ்சணந்தான் வருதுக்கா. அதையும் தூக்கிப் போடாம வச்சிருக்கேன்."