மீட்டரும் மருந்தும்

கடையில் அவளுக்கு சைலன்ட் என்று பெயர். வைத்தவர் முதலாளி. அவளைவிடப் பத்து வயது சின்னவர். பிரிண்டர்கூட இந்த அக்காவைவிட அதிகமாகப் பேசும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவளும் அதற்கு அரைச் சிரிப்பு சிரித்துவைப்பாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, டைப்பிங் மட்டும் கற்றுக்கொண்டு, பதினான்கு வருஷமாக அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். வாடகை ஒப்பந்தமோ காலேஜ் பிள்ளைகளின் ஆய்வேடோ, எது வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். கண் பார்க்கும், கை அடிக்கும், நடுவில் யாரும் இருக்கமாட்டார்கள்.

நான்கு வருஷம் படுக்கையில் கிடந்த அம்மா இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவள் வேலைக்கு வந்துவிட்டாள். அம்மாவைத் துடைத்துவிட்டது, புரட்டிப் படுக்கவைத்தது, ஸ்பூனால் ஊட்டியது எல்லாம் அவள்தான். முதல் வருஷம் பாசத்தோடு செய்தாள். பிறகு எப்போது என்று தெரியாமலே பாசம் வற்றிப்போய், வேலை மட்டும் மிஞ்சியது. பத்து மணிக்குப் புரட்ட வேண்டுமென்றால் பத்து மணிக்குப் புரட்டினாள், அவ்வளவுதான். அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்று அண்ணி எல்லோர் காதிலும் விழும்படி, "ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாருங்க இவளுக்கு" என்றாள். அவளும் உள்ளே தேடித்தான் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

அப்போது அவள் மேசையில் இருந்த வேலை ஒரு புத்தகம். எழுதியவர் வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணால் பார்க்காத எண்ணை ஒருநாளும் எழுதியதில்லை என்பது அவருடைய பெருமை. கடவுளையும் அதே கணக்கில்தான் வைத்திருந்தார். அவருடைய நண்பர் மருந்துக்கடைக்காரர், பழுத்த நம்பிக்கைக்காரர். மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டா விழுங்குகிறாய் என்று கேட்பார். கடவுள், அறிவு, அறம் என்று இருபத்திரண்டு வருஷம் கடை பெஞ்சில் இருவரும் மல்லுக்கு நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் பேச்சையெல்லாம் ஒன்பது உரையாடல்களாக மீட்டர்காரர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பேசுகிறவர்களின் பெயரை மீட்டர், மருந்து என்றே போட்டிருந்தார்.

மருந்துக்கடைக்காரரை அவளுக்கும் தெரியும். அம்மாவுக்கு மருந்து வாங்கப் போகும்போதெல்லாம், சீட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே, அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்பார். அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவர்.

பெயர்களை ஒவ்வொரு முறையும் அடிக்கமாட்டாள். முதலில் பேசுகிறவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று போட்டுக்கொண்டே போய், முடிந்ததும் 1 எல்லாவற்றையும் மீட்டர் என்றும் 2 எல்லாவற்றையும் மருந்து என்றும் ஒரே தட்டில் மாற்றிவிடுவாள். எல்லா உரையாடலையும் மீட்டர்தான் தொடங்குவார். அறத்தைப் பற்றிய ஏழாவது உரையாடலை மட்டும் மருந்து தொடங்கினார். அவள் வேலைக்குத் திரும்பிய அன்று அடித்தது அது. கை பழக்கத்தில் முதல் ஆளுக்கு 1 போட்டது. மீட்டர்காரர் மூன்று முறை படித்துப் பார்த்து ஒப்புதல் கையெழுத்தும் போட்டார். தானே எழுதியதை அவர் மனப்பாடத்திலிருந்து படித்திருக்க வேண்டும்.

இருநூறு பிரதி அச்சாகி வந்தது. அவளுக்கும் ஒன்று கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மாவின் காலிக் கட்டிலில் உட்கார்ந்து புரட்டினாள். ஏழாவது உரையாடலின் கடைசி வரியில் மருந்து சொல்கிறார்: "மனசு வத்திப்போனாலும் கை நிக்கலைன்னா, அதுவும் அறந்தான்." அதையே பல தடவை படித்தாள். சீட்டை வாங்குவதற்கு முன் விசாரிக்கிற அந்த மனிதரே சொல்லியிருக்கிறார். அவள் மூச்சு கொஞ்சம் இறங்கியது.

முந்தைய பக்கத்துக்குத் திருப்பினாள். அதே மருந்து, வீடு வீடாகப் படியேறி இறங்கிய காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மீட்டரோ, "அன்பில்லாத சேவை காலாவதியான மாத்திரை. பாக்க நல்லாத்தான் இருக்கும், வேலை செய்யாது" என்றார். மறுநாள் கடை அலமாரியிலிருந்து கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தாள். சந்தேகத்துக்கு இடமில்லை. காலாவதியான மாத்திரை என்று சொன்னவர்தான் மருந்துக்கடைக்காரர்.

யாருக்கும் தெரியாது. போன மாதம்தான் ஒரு விசிட்டிங் கார்டில் போன் நம்பரை அவள் தப்பாக அடித்ததற்கு, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள்தான் பார்க்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். வாயைத் திறந்தால் வேலையும் போகும், அந்த வரியும் போகும். இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு மீட்டர்காரர் வீட்டுக்குப் போனாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புத்தகத்தையும் கையெழுத்துப் பிரதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மூணு தடவை பாத்தேம்மா. பாக்காததை எழுதமாட்டேன்னு பீத்திக்கிட்டவன், பாத்ததையே பாக்கல."

திருத்தச் சீட்டு அடித்து எல்லாப் பிரதியிலும் ஒட்டிவிடலாம் என்றார். சொல்லாததைச் சொன்னதாகப் போட்டால் மருந்து சண்டைக்கு வந்துவிடுவார் என்றும் சொன்னார்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏம்மா சொன்னீங்க?"

"தெரியல ஐயா."

கிளம்ப எழுந்தவள் வாசல் வரை போய் நின்றாள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள்.

"கை நிக்கலைன்னா அறந்தான்னு நீங்க சொன்னதும், அவர் என்ன சொன்னார் ஐயா? அதோட முடிச்சிட்டீங்களே."

அவர் யோசித்தார்.

"ஒண்ணும் சொல்லலம்மா. அன்னிக்குப் பாத்து ஒருத்தர் இருமல் மருந்து கேட்டு வந்துட்டார். இவர் எடுத்துக் குடுக்க எழுந்து போயிட்டார். அப்புறம் அந்தப் பேச்சு வரவே இல்ல."

விஷயம் தெரிந்தும் முதலாளி அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. டைப்பிங்குக்கு வேறு ஆள் வைத்துவிட்டு, ஜெராக்ஸ் மெஷினுக்கு மாற்றினார். சைலன்ட் அக்காவுக்கு சத்தம் போடுற மெஷின் என்றார். அவள் வழக்கம்போல அரைச் சிரிப்பு சிரித்தாள்.

மூன்று நாள் சாயங்காலம் மீட்டர்காரர் வீட்டில் உட்கார்ந்து ஒட்டினார்கள். அவர் பக்கத்தைப் பிரித்துக் கொடுக்க, அவள் பசை தடவிச் சீட்டை அழுத்தினாள். 'ஏழாம் உரையாடலில் மீட்டர் என்று வருவதை மருந்து என்றும், மருந்து என்று வருவதை மீட்டர் என்றும் படிக்கவும்.' நூற்றுத் தொண்ணூற்றொன்பது முடிந்தது. ஒரு சீட்டு மிஞ்சியது. அவளுடைய பிரதி வீட்டில் இருந்தது. அதை அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சீட்டோடு வீட்டுக்கு வந்து, கட்டிலில் புத்தகத்தைப் பிரித்தாள். கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு மிஞ்சிய சீட்டில் பசை தடவி, ஓரம் கோணாமல் ஒட்டி, கட்டைவிரலால் நீவிவிட்டாள். பசை காயட்டும் என்று புத்தகத்தை மூடாமல் வைத்துவிட்டு, கை கழுவப் போனாள்.